இரும்புத் தகட்டில் இழைக் கோலம்

பூஜை அறைக் கதவு, வாசல் கேட், மாடிப்படி என்று எங்கே பார்த்தாலும் இப்போது தகட்டில் மயில், மாங்காய், கோலம் வெட்டிப் பதிக்கிறார்கள். தூரத்தில் அழகுதான். கிட்டே போய்ப் பாருங்கள். மயிலின் கொண்டை உருகி உருண்டையாக இருக்கும். கோலத்தின் மூலைகள் மழுங்கியிருக்கும். பின்பக்கம் விரலை வைத்தால் பிசிறு கிழிக்கும். குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கிற கேட்டில் இது வெறும் அழகுக் குறைவா, சொல்லுங்கள்?

எங்கள் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. என் தம்பியின் பட்டறையிலும் ஒரு பிளாஸ்மா மெஷின் ஓடுகிறது. சாப்பாடு கொண்டு போகும்போதெல்லாம் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். “ஏன்க்கா, நீயே பட்டறை வைக்கப் போறியா?” என்பான்.

அழுத்திய காற்றைச் சின்னத் துவாரம் வழியாக விட்டு அதில் மின்பொறியைச் செலுத்தினால் சுமார் 20,000 டிகிரி சூடு பிறக்கிறது. இரும்பு உருக 1,500 டிகிரி போதும். கம்ப்யூட்டரில் போட்ட படத்தின்படி மெஷின் அந்த முனையை நகர்த்துகிறது.

விஷயம் என்னவென்றால், இந்தத் தீக்கும் ஒரு அகலம் உண்டு. சாதாரண நாசிலில் ஒன்றரை மில்லிமீட்டர் போல. நுண்வேலைக்கென்றே வரும் சின்ன நாசிலில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. மொத்தமான சாக்கட்டியால் இழைக் கோலம் போட முடியுமா? இரண்டு வெட்டுக்கு நடுவே நிற்கும் தகடு, வெட்டைப் போல இரண்டு மூன்று பங்காவது இருந்தால்தான் உருகாமல் நிற்கும்.

மெல்லிசுத் தகட்டுக்குக் கரண்டைக் குறைத்து, சின்ன நாசில் மாட்ட வேண்டும். மெதுவாக வெட்டினால் நன்றாக வரும் என்று நாம் நினைப்போம். அது நேர்மாறு! மெதுவாகப் போனால் சூடு ஏறி, தகடு நெளிந்து, அடியில் கசடு கட்டிவிடும். ஆனாலும் மூலை திரும்பும்போது மெஷின் வேகம் குறைந்தே தீரும். அங்கே வெட்டு அகலமாகிறது. உயரத்தைத் தானே சரிசெய்யும் கருவி இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு முனையைக் கீழே இறக்கிவிடும். அதனால் நுண்வேலையில் மூலைக்கு மூலை அந்தக் கருவியை நிறுத்தி வைக்கிறான் தம்பி.

படம் தயாரிப்பது அவன் மனைவி. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு உட்காருவாள். போட்டோவிலிருந்து அப்படியே எடுத்த படத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருக்குமாம். ஒவ்வொன்றிலும் மெஷின் தடுக்கித் தடுக்கிப் போகும். வேண்டாத புள்ளிகளை அழித்து வளைவுகளை வழுவழுவென்று ஆக்குவதுதான் அவள் வேலை. பாதி அழகு அங்கேயே வந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். முதல் துளையைக் கழிவுப் பகுதியில் போடச் சொல்லி, உள் வெட்டுகளை முதலில் முடித்து, வெளி ஓரத்தைக் கடைசியில் வைப்பாள். முனை போகும் திசைக்கு வலப்பக்கம்தான் ஓரம் நேராக விழும். ஆகவே உள் வெட்டு இடஞ்சுழியாகவும் வெளி வெட்டு வலஞ்சுழியாகவும் போகும்.

எங்கள் கடல்காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் தேங்கி, காற்றோடு கலந்து வந்தால் நாசில் சீக்கிரம் அரித்துப்போகும்; வெட்டு கோணும். காலையில் முதல் காரியமாகத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வாசல் தெளிப்பது மாதிரி, ஒருநாள் விடக்கூடாது.

பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வெளிச்சத்தைக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க விடாதீர்கள். ராத்திரி கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தி நீர் கொட்டும். ஜி.ஐ. தகட்டை வெட்டினால் துத்தநாகப் புகை வரும். வெட்டியவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்க்காய்ச்சல் வரலாம். பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது! காற்றோட்டமும் சரியான முகமூடியும்தான் காப்பு.

முடி போன்ற கோடு வேண்டுமென்றால் லேசர் வெட்டுக்குப் போங்கள். அதன் வெட்டு கால் மில்லிமீட்டர் அளவுதான். கூலி விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மாவே போதும் என்றால் மயிலைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். அதே தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரி வெட்டிக் காட்டச் சொல்லி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.