முதன்முறை கப்பலேறும் சகோதரிகளுக்கு

"கடல் பக்கம் நான் வரமாட்டன் பிள்ளை. என்னை விடு."

2024ஆம் ஆண்டு எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் சொன்ன வார்த்தை இது. 1990இல் அவருடைய தங்கை கைக்குழந்தையோடு ஓர் இரவு படகேறி இந்தியா போனவர். கரையில் நின்று வழியனுப்பிய அக்கா அதன் பின்னர் தங்கையை நேரில் காணவில்லை. இப்போது தங்கை திருச்சியில் நோயுற்றிருக்கிறார். போய்ப் பார்க்க வழி கப்பல்தான். ஆனால் கடல் என்றால் அம்மாவின் மனதில் வருவது அந்த இரவு.

முடிவில் அவருக்குத் துணையாக நானும் சென்றேன். எனக்கும் அதுவே முதல் கப்பல் பயணம். நாங்கள் கற்றுக்கொண்டவை மற்றச் சகோதரிகளுக்கும் பயன்படலாம்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடி, எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது. காங்கேசன்துறை - நாகபட்டினம் சேவை 2023 ஒக்டோபர் 14இல் ஆரம்பமாகி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் மீண்டும் தொடங்கியது. தூரம் சுமார் 110 கிலோமீற்றர். பயணம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம்.

நாளும் ஆவணமும்

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், சேவையும் நிறுத்தப்படும். ஆகவே கலியாணம், அந்தியேட்டி போன்றவற்றுக்குப் போவோர் முதல்நாள் போய்ச் சேரும்படி திட்டமிட வேண்டாம். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். புறப்படுமுன் கப்பல் ஓடுகிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.

உங்கள் விசா அந்தத் துறைமுகத்தில் செல்லுபடியாகுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருப்பது நல்லது.

எங்கள் வீடுகளில் கடவுச்சீட்டு, பணம், ரிக்கற் எல்லாம் ஆண்களின் பையிலேதான் இருக்கும். பெண்கள் பின்னால் நடப்பார்கள். சமூகவியல் வகுப்பில் படித்ததைத் துறைமுக வரிசையில் நேரே கண்டேன். குடிவரவு அதிகாரி கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். உங்கள் கடவுச்சீட்டு உங்கள் கைப்பையில் இருக்கட்டும். தங்கப் போகும் முகவரியை எழுதி வைத்திருங்கள். பிரதியொன்றை வேறு பையில் வையுங்கள்.

தலைச்சுற்றும் சத்தியும்

சத்தி வரும் என்று பயந்து அம்மா காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. குளிசையையும் கப்பலில் ஏறிய பிறகே நான் கொடுத்தேன். இரண்டுமே பிழை. நடுக்கடலில் அவர் மிகவும் வருந்தினார்.

உடல் ஆடுவதைக் காது உணர்கிறது; கண்ணோ அசையாத இருக்கையைப் பார்க்கிறது. இந்த முரண்பாடே தலைச்சுற்றுக்குக் காரணம். வெறுவயிறு கூடாது, பாணோ இடியப்பமோ அளவாகச் சாப்பிடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். குளிசையைப் புறப்படுவதற்குச் சுமார் ஒரு மணித்தியாலம் முன்னர் எடுக்க வேண்டும். அது நித்திரை வரச்செய்யும். கர்ப்பிணிகள், கண் அழுத்த நோயுள்ளோர், வேறு மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேட்டே பாவிக்க வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. தொலைபேசியைப் பார்க்காமல் தூரத்தே வானும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். பொலித்தீன் பை இரண்டு கையில் இருக்கட்டும்.

தண்ணீர் குடியுங்கள்

கழிவறைக்குப் போக வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்கள் பெண்களின் பழக்கம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. கப்பலில் கழிவறை உண்டு. ஏறியவுடன் அது எங்கே என்று பார்த்து வையுங்கள். எழுந்து நடக்கும்போது ஒரு கையால் கைபிடியைப் பிடியுங்கள். தட்டையான, வழுக்காத செருப்பு அணியுங்கள். குளிரூட்டிய அறையில் இருப்பதால் போர்வைச் சால்வை தேவை. பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளும் மருந்துச் சிட்டையும் பெரிய பொதிக்குள் போகக்கூடாது.

உயிர்காப்பு அங்கியை எப்படி அணிவது என்று காட்டும்போது கவனியுங்கள். 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்தது போன்ற உல்லாசப் பயணக் கப்பல்களில் இந்தப் பயிற்சியில் எல்லாப் பயணிகளும் கலந்துகொள்ள வேண்டும்.

மற்றவர் பொதி வேண்டாம்

"இதை அங்கே ஒருவரிடம் குடுத்துவிடுங்கோ" என்று துறைமுக வாசலில் ஒருவர் எங்களிடம் பார்சல் நீட்டினார். பாவம் பார்க்க வேண்டாம். உள்ளே இருப்பதற்குச் சுங்கப் பகுதியில் பதில் சொல்ல வேண்டியவர் சுமப்பவரே. உங்கள் பொதியை நீங்களே கட்டுங்கள். இலவசமாகக் கொண்டுபோகக்கூடிய நிறை அடிக்கடி மாறும். ரிக்கற் எடுக்கும்போது கேளுங்கள்.

நாகபட்டினத்தில் அம்மா தன் கடவுச்சீட்டைத் தானே நீட்டி, கேட்டதற்குத் தானே பதில் சொன்னார். வெளியே ஒரு பெண் எங்களைத் தேடிக்கொண்டு நின்றாள். அன்று கைக்குழந்தையாகப் படகில் போனவள். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "பெரியம்மா" என்று அவள் கூப்பிட்டதும் அம்மா பையை என் கையில் தந்துவிட்டு ஓடினார்.

தங்கையோடு பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது அம்மா முதல்நாளே குளிசையை எடுத்து வைத்து, காலையில் இரண்டு இட்டலி சாப்பிட்டு, யன்னலோரம் கேட்டு வாங்கி அமர்ந்தார். கடலின் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.