மலை மேல் ஒரு பள்ளி: கொடைக்கானல், 1942–1944

போடியின் ஏலமலைச் சரிவுகளுக்கு வடகிழக்கே பழனிமலை. அங்கே கொடைக்கானலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோமில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தவர். 1939இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர அடையாறு வந்தார். மறு ஆண்டே இத்தாலி போரில் குதிக்க, ஆங்கில அரசுக்கு அவர் எதிரி நாட்டவர்! மகன் மாரியோவைச் சில வாரம் காவலில் வைத்து, தாயின் எழுபதாவது பிறந்தநாளில் விடுவித்தார்கள்.

குளிர்தேடி மலையேறியவரிடம் பல வயதுப் பிள்ளைகள் சேர, சிறு பள்ளி உருவானது. இலங்கை ஆசிரியை லீனா விக்ரமரத்ன துணைநின்றார். பாசி, பெரணி, பூச்சி, ஓடை: பாடப்பொருள் வாசலிலேயே கிடந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை எனக் காட்டும், ஆறு வயதைக் கடந்தோருக்கான ‘பிரபஞ்சக் கல்வி’ இங்கேதான் உருத்திரண்டது. 1946இல் ஐரோப்பா திரும்பியவர், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார்.