உல்லாசப் படகின் அடிப்பக்கம்: கடல் உயிர்கள் ஊர் மாறும் கதை

நாகரசம்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலுக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் என்றால் கே.ஆர்.பி. அணை, அதிலிருந்து காவேரிப்பட்டணம், நெடுங்கல் வழியாகப் போகும் தென்பெண்ணை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் உயிர்களைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். போன மாதம் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பார்த்த ஒரு லாரிதான் காரணம்.

லாரி மேலே ஒரு வெள்ளை ஃபைபர் படகைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டியிருந்தார்கள். சென்னைப் பக்கமிருந்து வந்து பெங்களூரு பக்கம் போகிறது. பஸ் ஜன்னலிலிருந்து படகின் அடிப்பக்கம் நல்லாத் தெரிந்தது. பாதிக்கு மேல் சின்னச் சின்னக் கூம்புகளாக ஒரே சொரசொரப்பு. பக்கத்து சீட்டுப் பெரியவர், "பெயின்ட் உரிஞ்சு போச்சு போல தம்பி" என்றார். அது பெயின்ட் இல்லை. பார்னக்கிள் என்கிற கொட்டலசு. நண்டு, இறால் குடும்பத்தோடு உறவுள்ள பிராணி. குஞ்சாக நீந்தித் திரிந்து, ஓரிடத்தில் தலையை ஒட்டி வைத்து, சுற்றிலும் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க அங்கேயே இருந்துவிடும். ஒட்டிய இடம் பாறையாக இருந்தால் அது அந்தக் கரையோடு முடிந்த வாழ்க்கை. ஒட்டிய இடம் படகாக இருந்தால்?

அந்த லாரியில் இருந்தவை எல்லாம் வெயிலில் செத்துப்போனவையாகத்தான் இருக்கும். கடல் கொட்டலசு ஏரி நன்னீரில் பிழைக்கவும் பிழைக்காது. ஆனாலும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. வீட்டுக்கு வந்து படித்ததின் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு.

எப்படி ஒட்டுகிறது?

சுத்தமான எந்தப் பொருளைக் கடலில் போட்டாலும் சில மணி நேரத்திலேயே பாக்டீரியா படலம் ஒன்று படியும். தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். அடுத்து நுண்பாசிகள். அப்புறம் கொட்டலசு, சிப்பி, குழாய்ப் புழு, பாசி ஆகியவற்றின் குஞ்சுகளும் வித்துகளும் வந்து குடியேறும். சில வாரத்தில் அடிப்பக்கம் ஒரு குட்டி ஊராகிவிடும். சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியதும் அந்த இடுக்குகளில் நண்டுக் குஞ்சும் நத்தையும் வந்து ஒளிந்துகொள்ளும். ஒட்டத் தெரியாதவையும் ஒட்டியவற்றின் தயவில் பயணம் போகும்.

இதைத் தடுக்கத்தான் படகின் அடியில் செம்பு கலந்த நச்சுப் பூச்சு அடிக்கிறார்கள். முன்பு டி.பி.டி. என்ற டின் சேர்மம் கலந்த பூச்சு இருந்தது. அது சிப்பி, நத்தைகளின் இனப்பெருக்கத்தையே குலைத்ததால் உலக அளவில் தடை வந்தது. 2001இல் போட்ட ஒப்பந்தம், 2008இல் நடைமுறைக்கு வந்தது. இப்போதைய பூச்சுகளில் பலவும் படகு ஓட ஓடத் தண்ணீரில் தேய்ந்து, புது மேற்பரப்பு வெளியே தெரியும்படி செய்யப்பட்டவை. அதாவது படகு ஓடினால்தான் பூச்சு ஒழுங்காக வேலை செய்யும்.

உல்லாசப் படகின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சரக்குக் கப்பல் நின்றால் நஷ்டம், அதனால் ஓடிக்கொண்டே இருக்கும். உல்லாசப் படகு வருஷத்தில் பெரும்பகுதி கட்டிப்போட்ட மாடு மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். உடமைக்காரருக்கு லீவு கிடைக்கும்போது கிளம்பும். நிற்கும் காலத்தில் உயிர்கள் ஏறும், கிளம்பும்போது கூடவே போகும். பாய்மரப் படகின் வேகம் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பெரிய கப்பலின் வேகத்தில் பிய்த்துக்கொண்டு போகக்கூடியவைகூட இந்த வேகத்தில் பத்திரமாக ஒட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரும்.

அப்புறம் மூலை முடுக்குகள். உந்துசக்கரத் தண்டு, சுக்கான் இடுக்கு, எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் சல்லடை, நங்கூரச் சங்கிலி கிடக்கும் பெட்டி இங்கெல்லாம் பெயின்ட் பிரஷ் சரியாகப் போகாது. படகின் பக்கவாட்டைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பவரும் இந்த இடங்களைப் பார்ப்பதில்லை.

படகு நிற்கும் இடமும் தோதாக அமைந்துவிடுகிறது. மரினா எனப்படும் படகுத்துறைகளில் மிதக்கும் மேடைகள் உண்டு. அலை அடங்கிய தண்ணீர், நல்ல நிழல். மேடை நீர்மட்டத்தோடு ஏறி இறங்குவதால் அடியில் இருப்பவை ஒருபோதும் வெயிலில் காய்வதில்லை. தரையில் ஊர்ந்து வந்து தின்னும் எதிரிகளும் அவ்வளவாக எட்டுவதில்லை. வெளியூரிலிருந்து வரும் உயிருக்கு இதைவிட நல்ல சத்திரம் கிடைக்காது. மத்தியதரைக் கடலின் மரினாக்களில் சுமார் 600 படகுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், பத்துக்கு ஏழு படகுகளில் குறைந்தது ஓர் அந்நிய இனமாவது ஒட்டியிருந்தது.

டார்வின், 1999

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சம்பவம் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் நடந்தது. அதில் நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

மிட்டிலாப்சிஸ் சலேய் என்று ஒரு சின்னச் சிப்பி. பூர்வீகம் கரீபியன் கடல், மெக்சிகோ வளைகுடா பக்கம். 1967 வாக்கில் இது விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு மும்பையிலும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். சில வாரத்தில் வயதுக்கு வந்து முட்டையிடத் தொடங்கும். சாக்கடை கலந்த துறைமுகத் தண்ணீர் என்றாலும் கவலைப்படாது.

1999 மார்ச் கடைசியில் டார்வினின் கல்லன் பே மரினாவில் ஆராய்ச்சியாளர்கள் இதே சிப்பியைப் பார்த்தார்கள். ஆறு மாதம் முன்பு அதே இடத்தில் பரிசோதித்தபோது ஒன்றுகூட இல்லை. இப்போது நெருக்கமான இடங்களில் சதுர மீட்டருக்கு 20,000க்கு மேல்! அக்கம்பக்கத்து இரண்டு படகுத்துறைகளிலும் பரவியிருந்தது. கொண்டுவந்தது வெளிநாட்டிலிருந்து வந்த உல்லாசப் படகாகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

டார்வினில் ஓதம் ஏழெட்டு மீட்டர் ஏறி இறங்கும். அதனால் அங்குள்ள மரினாக்களுக்கு மதகுக் கதவு போட்டிருந்தார்கள். கதவுக்குள் தேங்கிய தண்ணீர்தான் சிப்பி பெருக வசதியாக இருந்தது. அழிக்கவும் அந்தக் கதவுதான் உதவியது. மூன்று துறைகளையும் மூடி, டன் கணக்கில் குளோரினும் காப்பர் சல்பேட்டும் கொட்டினார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் சேர்ந்தே செத்தன. ஏற்கெனவே வெளியேறிப் போன நூற்றுக்கணக்கான படகுகளைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். ஒரு மாதத்துக்குள் சிப்பி ஒழிந்தது. செலவு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

நிலைபெறத் தொடங்கிய அந்நியக் கடல் உயிரை ஒரு நாடு முழுசாக ஒழித்தது அபூர்வம். சீக்கிரம் கண்டுபிடித்ததும், கதவு இருந்ததும் அதற்குக் காரணம். விசாகப்பட்டினத்தில் கதவும் இல்லை, யாரும் அவசரப்படவும் இல்லை. அங்கே அது அப்படியே தங்கிவிட்டது.

நம்ம கரையில்

இப்போது எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் பழவேற்காடு பக்கமும் சில வருஷமாக மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று ஒரு சிப்பியைச் சொல்லிப் புலம்புகிறார்கள். மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்ற தென் அமெரிக்கச் சிப்பி அது. ஆற்றின் அடியில் ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடிவிடுகிறது. இறால் சேற்றில் புதைந்து வாழும் பிராணி, புதைய இடமில்லை. மஞ்சள் மட்டி வாழ்ந்த இடமும் போச்சு. இந்தப் பகுதியில் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் உண்டு, இருளர்கள் உட்பட. படகு, வலை என்று முதலீடு போட முடியாதவர்களின் தொழில் அது. அவர்கள் கைவைக்கும் இடத்தில் இப்போது கூரான ஓடு. வலைக்காரர் வேறு இடம் தேடிப் போகலாம். வெறுங்கையோடு இறங்குபவர் எங்கே போவார்? விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

எண்ணூரில் முதல் சந்தேகம் கப்பல்களின் மேல். சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் இருக்க ஒரு துறைமுகத்தில் தண்ணீரை நிரப்பி வந்து இன்னொன்றில் விடும். அந்தத் தண்ணீரோடு குஞ்சுகளும் வரும். இதைக் கட்டுப்படுத்த 2004இல் சர்வதேச ஒப்பந்தம் போட்டு, 2017 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

கேரளத்தில் இதே சிப்பி இருப்பதை 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் அது பூவன் மட்டிப் படுகைகளுக்குப் பக்கத்திலேயே குடியேறியது. அந்த மட்டி சாதாரணமானதல்ல. நிலைத்த முறையில் பிடிக்கப்படுகிறது என்று 2014இல் எம்.எஸ்.சி. சான்றிதழ் வாங்கிய, இந்தியாவின் முதல் மீன்வளத் தொழில் அதுதான்.

ஒரு நாட்டுக்குள் வந்து சேருவது வேறு, உள்ளுக்குள் பரவுவது வேறு. முதல் வேலையைக் கப்பல் செய்திருக்கலாம். ஆனால் பெரிய கப்பல் நுழையாத காயலுக்கும் கழிமுகத்துக்கும் எது கொண்டுபோகும்? நீரோட்டம் ஒன்று. மீன்பிடிப் படகு, சுற்றுலாப் படகு, வீட்டுப் படகு எல்லாம் இன்னொன்று. பெரிய கப்பல் பஸ் என்றால் இவை ஷேர் ஆட்டோ. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதைச் சந்து சந்தாகக் கொண்டுபோய் விடும்.

ஆனால் ஷேர் ஆட்டோவுக்குத்தான் சட்டம் இல்லை. பேலஸ்ட் ஒப்பந்தம் தண்ணீர் ஏற்றி இறக்கும் கப்பல்களுக்கானது. அடிப்பக்கம் ஒட்டி வருவதைப் பற்றி சர்வதேச கடல்சார் அமைப்பு 2011இல் வழிகாட்டுதல் தந்தது. 24 மீட்டருக்குக் குறைவான உல்லாசப் படகுகளுக்கு 2012இல் தனியாக ஒன்று தந்தது. இரண்டும் யோசனைதான், கட்டாயமில்லை. ஆனால் நியூசிலாந்து 2018 மே முதல், வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் படகானாலும் அடிப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. தனி ஆள் ஓட்டிவரும் சின்னப் பாய்மரப் படகுக்கும் அதே விதிதான்.

நம்மிடம் உல்லாசப் படகு எத்தனை இருக்கிறது, இதற்குப் போய் இவ்வளவு கவலையா என்று தோன்றலாம். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் கொச்சியில் போல்காட்டித் தீவில் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து நிற்க மரினா இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே நூறு வருஷம் தாண்டிய யாட் கிளப் இருக்கிறது. முட்டுக்காடு, பிச்சாவரம் என்று கழிமுகங்களில் படகு இல்லங்கள் இருக்கின்றன. நீர் விளையாட்டுச் சுற்றுலா வளர்ந்துகொண்டுதான் போகிறது. குறைவாக இருக்கும்போதே பழக்கத்தை ஏற்படுத்துவது சுலபம்.

தரைவழிப் பயணம்

திரும்பவும் என் லாரிக்கு வருகிறேன். அமெரிக்காவின் பேரேரிகளில் ஜீப்ரா சிப்பி 1988இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் உறவான குவாகா சிப்பி அடுத்த வருஷம். இரண்டும் நன்னீர் இனங்கள், கப்பல் தண்ணீரோடு வந்தவை. 2007 ஜனவரியில் குவாகா சிப்பி நெவாடா பாலைவனத்தின் மீட் ஏரியில் தென்பட்டது. நடுவில் ராக்கி மலைத்தொடர் இருக்கிறது. ஆறு வழியாக வர வழியே இல்லை. ட்ரெய்லரில் ஏற்றி ரோடு வழியாக இழுத்து வந்த உல்லாசப் படகோடுதான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஈரம் இருந்தால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். படகுக்குள் தேங்கிய ஒரு வாளித் தண்ணீர் அதன் குஞ்சுகளுக்குப் போதும். அணையின் குழாய், மின் நிலையத்தின் குழாய் என்று ஒன்றுவிடாமல் அடைக்கக்கூடியவை இவை.

எனவே கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்பது முழுப் பாதுகாப்பு இல்லை. நம்ம அவதானப்பட்டி ஏரியிலும் படகு விடுகிறார்கள். ஓர் ஏரியில் கிடந்த படகை இன்னோர் ஏரிக்கு மாற்றும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் மூன்றே வார்த்தை வைத்திருக்கிறார்கள். தேய், வடி, காயவை. ஒட்டியதைத் தேய்த்து எடு, உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரு சொட்டு இல்லாமல் வடி, வெயிலில் நன்றாகக் காயவிடு. வெயிலுக்கு நமக்கென்ன பஞ்சம்?

தேய்ப்பதில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். தண்ணீரில் மிதக்கவிட்டே சுரண்டினால், விழுவது உயிரோடு விழும். சில கடற்பஞ்சுகள் துண்டிலிருந்தே மறுபடி முளைக்கும். படகைக் கரையேற்றிச் சுரண்டி, சுரண்டியதை அள்ளி மேட்டில் கொட்ட வேண்டும். படகுக்காரருக்கும் லாபம்தான், அடி சுத்தமாக இருந்தால் டீசல் குறையும்.

கே.ஆர்.பி. அணைக்கு வருபவர்கள் வறுத்த ஜிலேபி மீனை ருசித்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. ஆட்கள் தெரிந்தே கொண்டுவந்த மீன், இன்று அது இல்லாத ஏரி அபூர்வம். இனி யாராலும் திருப்பி அனுப்ப முடியாது. அந்த மீனையாவது தின்னலாம். எண்ணூர்க்காரர்களுக்குக் காக்கா ஆழியால் அந்த ஆதாயமும் இல்லை.

கடலோரம் போகிறவர்கள், படகு இல்லத்துக்குப் போகிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். கட்டையிலும் கயிற்றிலும் இதுவரை பார்க்காத சிப்பி கொத்தாகத் தெரிந்தால், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுத்து, இடமும் தேதியும் எழுதி அந்த மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொடுங்கள். டார்வினில் ஆறு மாதத்துக்குள் பார்த்ததால்தான் காப்பாற்ற முடிந்தது.