கண்டிக்கோட்டையில் அம்மா கண்ட ஆறு

என் தந்தையாருக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்து எட்டு மாதங்கள் கடந்திருந்தன. அம்மாதங்களில் அம்மா ஒரு மணி நேரங்கூட அவரை விட்டு விலகியதில்லை. அப்பா குளியலறையில் இருமினாலும் கதவருகே சென்று நிற்பார்.

சென்ற மார்கழியில், கண்டிக்கோட்டைக்குப் போகலாம் என்று அப்பாவே சொன்னார். அம்மா ஒப்பவில்லை. மருத்துவர் ஆறு நிமிட நடைச் சோதனை செய்து பார்த்து, "சமதளத்தில் நடக்கலாம், பாறை ஏற வேண்டாம். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நின்றுவிடுங்கள்" என்று வரம்பு வகுத்த பின்னரே அரைமனத்தோடு இசைந்தார்.

ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்கு அருகே உள்ளது அவ்வூர். எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்துகொண்டு செல்கிறது பென்னா ஆறு. நாம் வடபெண்ணை என்போமே, அதுதான். செங்கல் அடுக்கினாற்போன்ற செம்பாறைகள் இருமருங்கிலும் ஏறத்தாழ 300 அடி உயரத்துக்கு நிற்கின்றன. தெலுங்கில் 'கண்டி' என்பது மலையிடுக்கைக் குறிக்கும். கோடையில் அங்கு வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். இதய நோயாளிகள் அப்போது செல்லாதிருப்பதே நன்று.

காலை ஏழு மணிக்கே கோட்டை வாயிலைக் கடந்தோம். நாவின் கீழ் வைக்கும் மாத்திரை அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அவரை முன்னே நடக்கவிட்டோம். பின்னால் வருபவர் மற்றவர்களை எட்டிப்பிடிக்க விரைவார். முன்னால் செல்பவரோ தம் வேகத்தில் நடப்பார். மாதவராய சுவாமி கோயில், பழைய மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் என்று நின்று நின்று சென்றோம். அதற்கப்பால் பாதை முடிந்து பாறைகள் தொடங்கின. அப்பா தாமாகவே நின்றார்.

"எனக்கு இதுவே போதும். நீ பேரனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்."

"உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

"மகள் இருக்கிறாளே."

எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எனக்கு இருமுறை ஒப்புவித்துவிட்டு, தண்ணீர்ப் புட்டியை என் கையில் திணித்து அம்மா புறப்பட்டார். நாங்கள் அமர்ந்த நிழலிலிருந்து ஆறு தெரியவில்லை. பாறைகளுக்கிடையே அம்மாவின் மஞ்சள் சேலை மட்டும் தோன்றித் தோன்றி மறைந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரம் கழித்து முகமெல்லாம் வியர்வையோடு அம்மா திரும்பினார். அப்பாவின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை.

"தண்ணீர் இருந்ததா?" என்றார் அப்பா.

"இருந்தது. பச்சையாக, அசையாமல். ஒரு பருந்து எனக்குக் கீழே பறந்தது. பருந்தின் முதுகை இன்றுதான் பார்த்தேன்."

அப்பா சற்று நகர்ந்து அவருக்கு இடம்விட்டார்.