கடலடியில் புதைத்த காற்று

வடகடலின் நடுவே, நார்வே நாட்டுக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், ஸ்லைப்னர் என்னும் எரிவாயு வயல் உள்ளது. எட்டுக் கால்கள் உடையதென அந்நாட்டுப் பழங்கதைகள் கூறும் தெய்வக் குதிரையின் பெயர் அது. அவ்வயலின் மேற்குப் பகுதியில் கிடைக்கும் எரிவாயுவில் ஏறத்தாழ 9 விழுக்காடு கரியமில வாயு கலந்துள்ளது. வாங்குவோரோ 2.5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்பதில்லை. ஆதலின் மிகுதியைப் பிரித்தெடுத்தல் வேண்டும். பிரித்தெடுத்ததை என்ன செய்வது? வானில் விட்டுவிடுதல் எளிது, செலவும் இல்லை. ஆனால் அவ்வாயு வானில் பெருகப் பெருக உலகின் வெப்பமும் பெருகும்.

இங்கு வழிகாட்டியது ஒரு வரியே ஆகும். கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்போர் வானில் விடும் கரியமில வாயுவுக்கு நார்வே அரசு 1991-ஆம் ஆண்டில் வரி விதித்தது. நிறுவனத்தார் கணக்கிட்டனர், வரி செலுத்துவதினும் வாயுவைப் புதைத்தலே நன்று எனக் கண்டனர். அருள் மிகுதியால் மட்டும் எழுந்த செயலென இதனைக் கருதுதல் வேண்டா. 1996-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணி, ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டன் வாயுவைக் கடலடிக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது.

புதைத்தல் என்றவுடன் பெரியதொரு குகையை எண்ணுதல் கூடாது. கடற்படுகைக்குக் கீழே 800 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் உட்சிரா என்னும் மணற்கல் அடுக்கு பரந்துள்ளது. அதன் நுண்துளைகளில் உவர்நீர் நிறைந்திருக்கும். அத்துளைகளினூடே வாயுவை அழுத்திச் செலுத்துவர். அவ்வாழத்தின் பேரழுத்தத்தால் அது நீர்மம் போலச் செறிவுறும். மேலே எழ முயலும் வாயுவைத் தடித்த களிப்பாறை மூடிபோல் தடுத்து நிறுத்தும். காலம் செல்லச் செல்ல ஒரு பகுதி உவர்நீரிலேயே கரைந்துவிடும். அதிர்வலைகளைச் செலுத்தி, அவை திரும்பும் தன்மையைக் கொண்டு, வாயு எதுவரை பரவியுள்ளது என்பதை அறிஞர் அவ்வப்போது படம் எடுத்துக் காண்பர்.

இம்முயற்சிக்குத் தடையாக வந்தது கடலைக் காப்பதற்கென்றே பிறந்த சட்டம் என்பது வியப்பன்றோ? கழிவுகளைக் கடலில் கொட்டுதலைத் தடுக்க 1972-இல் இலண்டனில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 1996-இல் அதனினும் கடுமையான நெறிமுறை ஒன்று வகுக்கப்பட்டது. பட்டியலில் உள்ள சில பொருள்களைத் தவிர வேறு எதனையும் கடலில் இடலாகாது என்பது அதன் விதி. ஸ்லைப்னரின் வாயு எரிவாயுத் தொழிலிலேயே பிரிந்ததாதலின் அத்தடைக்குள் அகப்படவில்லை. ஆனால் கரையிலுள்ள சிமெண்டு ஆலையின் வாயுவைக் கொண்டுவந்து புதைக்க எண்ணினால், விதி குறுக்கே நின்றது.

எனவே நாடுகள் கூடி 2006-இல் நெறிமுறையைத் திருத்தின. கடற்படுகைக்குக் கீழுள்ள பாறை அடுக்குகளில் கரியமில வாயுவைச் செலுத்தலாம். ஆயின் வேறு கழிவுகளை அதனோடு கலந்து மறைத்து அனுப்புதல் கூடாது என விதித்தன. மற்றொரு முடிச்சு எஞ்சியது. கடலில் இடுவதற்கெனக் கழிவைப் பிற நாட்டுக்கு அனுப்பலாகாது எனவும் அந்நெறிமுறை கூறியது. அதனைத் தளர்த்த 2009-இல் செய்த திருத்தத்திற்குப் பத்தாண்டுகள் கழிந்தும் போதிய நாடுகள் ஒப்புதல் தரவில்லை. பின்னர் 2019-இல், விரும்பும் நாடுகள் தமக்குள் ஒப்பந்தம் செய்து அத்திருத்தத்தை இடைக்காலமாகப் பின்பற்றலாம் என முடிவு செய்தனர். 2023-ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் வாயு டென்மார்க்கின் கடலடிக்குச் சென்றது இவ்வழியே ஆகும்.

இவற்றினும் அரிய வினா ஒன்று உண்டு. புதைத்த வாயு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் அங்கேயே தங்குதல் வேண்டும். நிறுவனங்களோ அத்துணைக் காலம் வாழ்வதில்லை. விற்கப்படும், இணையும், கலைந்தும் போகும். வாயு கசிந்தால் யார் பொறுப்பாவார்? கசிவு பெருந்தீங்கு விளைக்கவும் கூடும். காமரூன் நாட்டின் நியோஸ் ஏரியின் அடியில் இயற்கையாகவே தேங்கியிருந்த கரியமில வாயு 1986-இல் திடீரென வெளிப்பட்டது. காற்றினும் கனமான அவ்வாயு தாழ்நிலங்களில் படர்ந்து 1,700-க்கும் மேற்பட்டோரை மூச்சுத்திணறச் செய்து கொன்றது. ஏரி வேறு, ஆழ்ந்த பாறை வேறு என்பது உண்மையே. எனினும் காவலரின்றி விடத்தக்க பொருளன்று அது.

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இயற்றிய சட்டம் இவ்வினாவுக்கு விடை காண முயல்கின்றது. உரிமம் பெற்றவர் வாயுவைச் செலுத்தும் காலம் முழுதும் கண்காணித்தல் வேண்டும். கிணற்றை மூடிய பின்னரும் பொதுவாக 20 ஆண்டுகளேனும் பொறுப்பு அவருடையதே. வாயு முழுமையாக அடங்கியுள்ளது என அரசு தெளிந்தால் அக்காலம் குறையலாம். அதன்பின் பொறுப்பு அரசுக்கு மாறும். மாறுமுன், 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவையாவது ஈடுசெய்யும் தொகையை அந்நிறுவனம் செலுத்திவிடல் வேண்டும். நிறுவனத்தார் தம் கவனக்குறைவை மறைத்திருந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டால், பொறுப்பு மாறிய பின்னும் அதற்கான செலவை அவர்களிடமிருந்து பெறும் உரிமை அரசுக்கு உண்டு.