மலையடிவாரத்து மனிதர்கள் – 14: பிடியரிசிப் பானை

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்தால் எங்கள் கூடலூர்க் கிழவிகள் அத்தனை பேரும் பக்தியும் தொண்டும் நிறைந்தவர்கள்தான். அச்சகத்தில் அந்த வரி தயாராகவே இருக்கும். படத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. எங்கள் பூட்டிக்கு நாங்கள் போஸ்டர் ஒட்டவில்லை. பூட்டியின் பக்தி, தொண்டு எல்லாம் அடுப்படி மூலையில் ஒரு மண்பானைக்குள் இருந்தது.

உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தப் பானைக்குள் போடும் பூட்டி. வண்டு விழாமலிருக்க நடுநடுவே காய்ந்த வேப்பிலை. கை முட்டுப்பாடான நாளில் பிடி சிறுக்குமே தவிர நிற்காது. தெருவில் பல வீடுகளிலும் இப்படி எடுத்து வைத்தார்கள். பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு, காய்ச்சலில் கிடப்பவனுக்கு, குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலை நின்றுபோன மழைக் காலத்தில் அடுப்பு எரியாத வீட்டுக்கு என்று அந்த அரிசி போகும். கடனா தர்மமா என்ற பேச்சே கிடையாது. முடிந்தவர்கள் திருப்பிப் போட்டார்கள்.

களஞ்சியம் இயக்கத்துச் சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் வணங்கிய படம் பத்திரிகைகளில் வந்தபோது பூட்டிக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து சேமித்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வதைப் பற்றி நான் வாசித்துச் சொன்னேன். "இவுக நோட்டுப் போட்டு எழுதுறாக. நாங்க பானையில போட்டோம், அம்புட்டுதான்" என்றது. குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

குடும்பக் கதையை நீட்ட வேண்டாம். சிறு வயதிலேயே தாலியறுத்து, நாற்று நட்டும் ஏலக்காட்டில் களையெடுத்தும் பிள்ளைகளை ஆளாக்கியது. அந்தத் தலைமுறையில் கூடலூரில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

சொல்ல வேண்டியது சித்ரா பௌர்ணமியைப் பற்றி. வண்ணாத்திப்பாறை உச்சியில், நாலாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். 1963-ல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அதைச் சிலப்பதிகாரம் சொல்லும் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். பளியர்களுக்கும் அடிவாரத்து ஊர்க்காரர்களுக்கும் அது அதற்கு முன்பே கும்பிட்ட சாமி. எல்லைத் தகராறில் கோயில் சிக்கிக்கொள்ள, இன்று இரண்டு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசி வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பக்தர்களை விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும். நம் பக்கம் லோயர்கேம்ப்பை ஒட்டிய பளியன்குடியிலிருந்து ஆறரைக் கிலோமீட்டர் போல நடை, ஏற்றம் நெஞ்சைப் பிடிக்கும். பூட்டி அந்த ஜீப்பில் ஏறியதே இல்லை.

பௌர்ணமிக்கு முதல் நாள் பிடியரிசிப் பானை காலியாகிவிடும். தெருப் பெண்கள் சேர்ந்து புளிச்சோறு கிளறி இலையில் கட்டுவார்கள். அடிவாரத்தில் நீர்மோர்ப் பானை வைப்பார்கள். விடியுமுன் பூட்டி நடக்கத் தொடங்கிவிடும். எழுபது தாண்டியும் ஏறியது.

கோயிலில் பெண்களுக்கு மங்கல நாணும் வளையலும் கொடுப்பார்கள். மலையேற முடியாத தெருப் பெண்களுக்காகப் பூட்டி அவற்றைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவரும். வெள்ளைச் சேலைக்காரியின் கையிலிருந்து தாலிக்கயிறு வாங்கலாமா என்று ஒருத்தி தயங்கினாள். பூட்டி கோபப்படவில்லை. "குடுக்குறது நானில்ல ஆத்தா, கண்ணகி. அவளுக்கு மட்டும் புருசன் இருந்தானாக்கும்?" என்றது. தெருவில் அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. கண்ணகியைப் பற்றிப் பட்டிமன்றங்களில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன், இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் வந்ததில்லை.

பூட்டியின் சாமி மாடத்தில் கண்ணகிக்கு அடுத்து பென்னிகுவிக் துரை. வெள்ளைக்காரன் எப்படிச் சாமியானான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. வெள்ளத்திலும் மலைக்காய்ச்சலிலும் கூலிக்காரர்களைப் பறிகொடுத்து அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணையை 1895 அக்டோபரில் திறந்தார்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். பானைக்குள் விழுந்த பிடியரிசியும் அதில் விளைந்ததே. துரை பிறந்தது 1841 ஜனவரி 15, பெரும்பாலும் எங்கள் பொங்கலோடு சேர்ந்து வரும். முதல் இலை அவருக்குத்தான். சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையைப் பூட்டி முழுசாக நம்பியது. அதற்கு ஆவணம் இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை, தண்ணீரே போதும். லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தது 2013-ல். பூட்டி அதைப் பார்க்கவில்லை.

பளியன்குடியிலிருந்து கோயிலுக்குச் சாலை போட வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்கிறார்கள். என் கட்சி வேறு. அது யானை நடமாடும் காடு, தார்ச்சாலை வேண்டாம். செங்குத்தான இடங்களில் பிடித்து ஏறக் கம்பியும், வழியில் உட்காரத் திண்டும், குடிதண்ணீரும் வைத்துத் தந்தால் கிழவிகள் நடந்தே ஏறிவிடுவார்கள். அடுத்த சித்ரா பௌர்ணமிக்குள் அதையாவது செய்யுங்கள்.

(தொடரும்)