ரிக்கவர் (டாஸ் கட்டளை)

ரிக்கவர் என்பது எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் இடம்பெற்றிருந்த ஒரு வட்டுக் கட்டளை ஆகும். பழுதடைந்த வட்டிலுள்ள கோப்பிலிருந்து, படிக்கக்கூடிய பகுதிகளை மட்டும் மீட்டெடுப்பது இதன் நோக்கம். 1983 இல் வெளியான 2.0 பதிப்பு முதல் 5.0 பதிப்பு வரை இக்கட்டளை வழங்கப்பட்டது. தவறாகப் பயன்படுத்தினால் நல்ல நிலையிலுள்ள வட்டின் ஒழுங்கையும் இது குலைத்துவிடும்.

பின்னணி

டாஸ் இயங்குதளம் ஒரு கோப்பைப் பற்றிய விவரங்களை இரண்டு இடங்களில் பதிகிறது. கோப்பின் பெயர், அளவு, நாள், தொடங்கும் இடம் ஆகியவை அடைவில் இருக்கும். கோப்பின் துண்டுகள் வட்டில் எந்த வரிசையில் தொடர்கின்றன என்பது கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையில் இருக்கும்.

செயற்பாடு

கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அக்கோப்பு பகுதி பகுதியாகப் படிக்கப்படும். பழுதான பகுதிகள் விடப்பட்டு, எஞ்சியவை இணைக்கப்படும். இது உரைக் கோப்புகளுக்குப் பயன்படும். நிரல் கோப்பில் ஒரு பகுதி குறைந்தாலும் அது பெரும்பாலும் இயங்காது.

வட்டு இயக்கியின் எழுத்தை மட்டும் கொடுத்தால், அவ்வட்டின் அடைவு முழுவதும் சிதைந்துவிட்டதாகவே கட்டளை கருதும். எனவே அடைவைப் புறக்கணித்து, ஒதுக்கீட்டு அட்டவணையை மட்டும் கொண்டு கோப்புகளை மீண்டும் அமைக்கும். இதன் விளைவுகள் பின்வருமாறு:

* எல்லாக் கோப்புகளும் ஃபைல்0001.ரெக், ஃபைல்0002.ரெக் என எண்ணிட்ட பெயர்களைப் பெறும்.
* துணை அடைவுகளும் இவ்வாறே கோப்புகளாக மாறும். அனைத்தும் மூல அடைவில் வைக்கப்படும்.
* கோப்பின் உண்மையான அளவு தெரியாமற்போகும். எடுத்துக்காட்டாக, 2,048 பைட்டுத் துண்டுகளைக் கொண்ட வட்டில் 10,000 பைட்டுக் கோப்பு 10,240 பைட்டாகக் காட்டப்படும்.
* மூல அடைவில் இடம் வரம்புடையது. 360 கிலோபைட்டு நெகிழ்வட்டில் 112 பதிவுகளும், வன்தட்டில் பொதுவாக 512 பதிவுகளுமே அடங்கும். மிகுதியான கோப்புகளைப் பெற, இருப்பவற்றை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டுக் கட்டளையை மீண்டும் இயக்க வேண்டும்.

இதன்பின் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துத்தான் அது எதுவென அறிய இயலும்.

பெயரால் எழும் குழப்பம்

"மீட்பு" எனப் பொருள்படும் பெயரைக் கொண்டு, அழித்த கோப்பை இக்கட்டளை திரும்பத் தரும் என எண்ணுவது தவறு. கோப்பு அழிக்கப்படும்போது ஒதுக்கீட்டு அட்டவணையில் அதன் தொடர்ச்சியும் நீக்கப்படுகிறது. அந்த அட்டவணையை மட்டுமே நம்பும் ரிக்கவர் கட்டளையால் அக்கோப்பைக் காண இயலாது. அழித்த கோப்புகளை மீட்க 5.0 பதிப்பில் (1991) அன்டெலீட் என்னும் தனிக் கட்டளை சேர்க்கப்பட்டது.

நீக்கம்

1993 இல் வெளியான எம்எஸ்-டாஸ் 6.0 பதிப்பில் ரிக்கவர் கைவிடப்பட்டது. விண்டோசு என்டி வழிவந்த இயங்குதளங்களில் இதே பெயரில் ஒரு கட்டளை உள்ளது. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே ஏற்கும். முழு வட்டின் மீது அதனை இயக்க முடியாது.